தசமப் புள்ளிக்குப் பின்னால்

என் அட்டவணையில் நூற்று நான்கு நாடுகள்.
பிறந்த நாடு அதில் இல்லை.
இங்கே மாமன்னர் உண்டு, பிரதமர் உண்டு;
அதிபர் கிடையாது.

ஜெலுத்தோங்கில் என் காரைப் பழுதுபார்க்கும் இருதயநாதன்
ஒவ்வொரு முறையும் கேட்பார்:
“நம்ம நாட்டுல இல்லாத ஒண்ண
முப்பது வருசமா படிக்கிறீங்களே டாக்டர்,
சம்பளம் யாரு கொடுக்கறா?”
அரசாங்கம், என்பேன்.
“எந்த அரசாங்கம்?”
காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வரும்.

அதிபர் அவையைக் கலைக்கலாமா? ஆம் எனில் ஒன்று.
அவை அதிபரை நீக்கலாமா? இல்லை எனில் சுழியம்.
இருவரையும் மக்களே தேர்ந்தெடுத்தார்கள்.
இருவருமே
மக்கள் என்றால் நான்தான் என்கிறார்கள்.
ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி, இரண்டும் அசல்:
அந்தப் பூட்டைத்தான் நான் படித்தேன்.

முதலில் எல்லாம் அட்டைகளில் இருந்தது.
மிண்டன் வளாகத்தின் பழைய பட்டாளக் கட்டடத்தில்
நவம்பர் மழைக்குச் சுவர் கசியும்.
ஒருமுறை பூஞ்சணம் பூத்து
ஒரு நாட்டின் இராணுவப் புரட்சி முழுதாக அழிந்துபோனது.
இரண்டு வாரம் அங்கே எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.
பிறகு நூலகத்தில் தேடி மீண்டும் நடத்தி வைத்தேன்.

தொண்ணூற்றாறில் ஒரு மலைநாட்டுக்குப் போனேன்.
பெயர் சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.
அங்கே ஒருவர் மூன்று நாள் அதிபராக இருந்தார்.
அவைத்தலைவர் அவர்; அதிபர் இரவோடு இரவாக ஓடிவிட்டதால்
அரசியல் சாசனம் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது.
நான்காம் நாள் இராணுவம் தட்டியது.

இப்போது வான்கோழி வளர்க்கிறார்.
பேட்டி முழுதும் அவை குறுக்கே பேசின.
மூன்று நாளில் என்ன செய்தீர்கள்?
ஒரே ஓர் ஆணையில் கையெழுத்திட்டாராம்:
வடக்குச் சிறைக்கு நானூறு கம்பளிகள்.
போய்ச் சேர்ந்தனவா?
“அது தெரியத்தான் நான்காம் நாள் வேண்டியிருந்தது.”

வாசல் வரை வந்து கேட்டார்:
உங்கள் அட்டவணையில் நான் எத்தனை?
மாதக் கணக்கு ஐயா, என்றேன்.
மொழிபெயர்த்த பையன்
அதை மொழிபெயர்க்கவில்லை.

புள்ளி ஒன்று என்று பதிந்தேன்.
மென்பொருள் சுழியமாக்கியது.
கட்டுரையைப் படித்த பெயரில்லாத மதிப்பாய்வாளர்
‘பொருளற்ற நேர்வு, நீக்குக’ என்றார்.
நீக்கினேன்.
அந்தக் கட்டுரைக்குத்தான்
இணைப் பேராசிரியர் பதவி கிடைத்தது.
தாமான் துன் சர்டோனில் ஒரு வீடும்.

நேற்று கடைசி வேலைநாள்.
கேக் வெட்டி, படம் எடுத்து, எல்லோரும் போன பின்
கணினியைத் திறந்து
அந்த நெடுவரிசை முழுவதையும் நாட்களாக மாற்றினேன்.
பதினேழு ஆண்டு ஆண்டவருக்கு
ஆறாயிரத்து இருநூற்றொன்பது.
அவருக்கு மூன்று.
மூன்று முழு எண்.
எந்த மென்பொருளாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது.

கம்பளிகளுக்குத்தான் நெடுவரிசை இல்லை.
ஒன்று சேர்த்தேன்.
சேர்ந்தால் ஒன்று, சேராவிட்டால் சுழியம்.
தெரியாது; ஆகவே காலியாக விட்டேன்.
காலி வேறு, சுழியம் வேறு.
தேர்வுத் தாளில் இதைக் குழப்பியவர்களுக்கு
எத்தனை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

பாதுகாவலர் அஸ்மான் விளக்கணைக்க வந்தார்.
“பெலும் பாலேக், டாக்டர்?”
இன்னும் வீட்டுக்குப் போகவில்லைதான்.
நூற்று மூன்று நாடுகளின் கட்டங்கள்
அந்தப் புதிய நெடுவரிசையில்
திறந்து கிடந்தன.
தூரத்தில் பாலத்து விளக்குகள்
பிறை வரைக்கும்.